சைக்கிள் பட்டாளம்

சைக்கிளைத் தனி மனிதனின் வாகனம் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மாட்டு வண்டிக்கு ஒரு குடும்பம் வேண்டும். ரயிலுக்கு ஒரு ஊரே வேண்டும். சைக்கிளுக்கு ஓர் ஆள் போதும். பின்னால் மனைவியை உட்கார்த்தி, முன்னால் குறுக்குக் கம்பியில் பையனையும் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனாலும் மிதிக்கிறவன் ஒருவன்தான். மூச்சு வாங்குகிறவனும் அவன்தான்.

இந்த எண்ணம் முழுக்கச் சரியல்ல. தென் ஆப்பிரிக்காவில் 2004-ஆம் ஆண்டு முதல் 'கேப் எபிக்' என்று ஒரு பந்தயம் நடத்துகிறார்கள். எட்டு நாள், மலையும் கல்லும் புழுதியுமாகச் சைக்கிளில் போகவேண்டும். அதில் தனி ஆளாக யாரும் சேர முடியாது. இரண்டு இரண்டு பேராகத்தான் சேரவேண்டும். ஜோடியில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இரண்டு நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் தண்டனை. கால் வலுவுள்ளவன் முன்னால் பறந்துபோய்க் கோட்டைத் தொட்டுவிட்டு, "நான் ஜெயித்தேன்" என்று சொல்ல வழியில்லை. பின்தங்கியவன் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் ஜோடியின் வேகம். இந்த விதியைப் படித்தவுடனே எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கல்யாண மந்திரங்களில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

மலைப் பாதைக்கென்றே சைக்கிள் செய்ய ஆரம்பித்தது 1970-களில் என்பார்கள். கலிபோர்னியாவில் டமல்பைஸ் என்ற மலையின் சரிவில் சில இளைஞர்கள் பழைய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறி, தலைதெறிக்க இறங்கி, அந்த விளையாட்டிலிருந்து ஒரு புதிய வண்டியையே உண்டாக்கினார்கள். அது உண்மை. ஆனால் அதற்கு எண்பது வருஷங்களுக்கு முன்னாலேயே, கூட்டாகச் சைக்கிளில் மலையேறிய ஒரு கோஷ்டி அதே அமெரிக்காவில் இருந்தது. பந்தயத்துக்காக அல்ல, உத்தரவுக்காக. அவர்களைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்கப் பட்டாளத்தில் அந்த நாளில் கறுப்பர்களுக்கென்று நான்கு ரெஜிமெண்டுகள் இருந்தன. இரண்டு குதிரைப்படை, இரண்டு காலாட்படை. சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்த நான்கில் ஒன்றான 25-வது காலாட்படையின் ஒரு பகுதி, 1888 முதல் மொன்டானா மாகாணத்தில் மிஸூலா கோட்டையில் தங்கியிருந்தது. சுற்றிலும் ராக்கி மலைத் தொடர். எல்லையில் செவ்விந்தியர்கள் கலகம் செய்யாமல் பார்த்துக்கொள்வதற்காக அமைத்த கோட்டை அது. ஒரு இனத்தாரை ஊரைவிட்டு விரட்டுவதற்கு, நேற்றுவரை அடிமையாய் இருந்த இன்னொரு இனத்தாரைக் காவல் வைத்திருந்தார்கள். அரசாங்கங்கள் இந்த மாதிரிச் சிக்கனத்தில் கெட்டிக்காரர்கள்.

அங்கே வந்து சேர்ந்தான் ஜேம்ஸ் மாஸ் என்ற லெப்டினெண்டு. லூயிஸியானாக்காரன். வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் 1894-ல் தேறியவன். தேறிய வரிசையில் அவனுக்குக் கடைசி இடம். முதல் இடத்துக்காரர்கள் நல்ல நல்ல வேலையாகப் பொறுக்கிக்கொண்ட பிறகு மிச்சமிருப்பதுதான் கடைசி இடத்துக்காரனுக்கு. கறுப்பர் ரெஜிமெண்டில் அதிகாரியாகப் போவதைப் பெருமையாக நினைத்தவர்கள் அன்று அதிகம் இல்லை. ஆனால் கடைசியில் தேறுகிறவர்களிடம் சில சமயம் ஒரு குணம் உண்டு. பாடப் புத்தகத்தில் இல்லாததில் மனசு ஓடும். மாஸுக்குச் சைக்கிளில் ஓடிற்று.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. காற்றடைத்த டயரை டன்லப் செய்து காட்டியது 1888-ல். அடுத்த எட்டுப் பத்து வருஷத்தில் அமெரிக்காவுக்கே சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. பட்டாளத்தின் தலைமைத் தளபதி நெல்ஸன் மைல்ஸுக்கும் அந்தக் காய்ச்சல் உண்டு. குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், லாயம் வேண்டும், இரவில் கனைத்து எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும், செத்தும் போகும். சைக்கிளுக்கு இதெல்லாம் இல்லை என்று மாஸ் வாதித்தான். 1896-ல் அநுமதி கிடைத்தது. எட்டுச் சிப்பாய்கள் சேர்ந்தார்கள். வண்டிகளை ஸ்பால்டிங் கம்பெனி கொடுத்து உதவிற்று. இலவச விளம்பரம் எந்தக் கம்பெனிக்குக் கசக்கும்?

பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போது சர்க்கஸ் நினைவுதான் வருகிறது. ஒன்பது அடி உயர வேலி என்றால் ஒருவன் வண்டியை வேலியில் சாய்த்து, அதன் மேல் ஏறி அப்புறம் குதிப்பான். மற்றவன் வண்டிகளைத் தூக்கிக் கொடுப்பான். ஆறு குறுக்கிட்டால் ஒரு கழியில் சைக்கிளை மாட்டி, முன்னும் பின்னும் இரண்டு பேர் பல்லக்குத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். சைக்கிள் மனிதனைச் சுமந்த நேரத்தைவிட மனிதன் சைக்கிளைச் சுமந்த நேரம் சில நாட்களில் அதிகமாக இருந்திருக்கும் போலிருக்கிறது. ஒன்று கவனிக்கவேண்டும். வேலி தாண்டுவதும் ஆறு கடப்பதும் தனி ஆளால் ஆகிற காரியமல்ல. குதிரை தானே நீந்தும், சைக்கிள் நீந்தாது. அதற்குக் கூட்டாளி வேண்டும்.

1896 ஆகஸ்டில் முதலில் மக்டொனால்டு ஏரிக்கு ஒரு சிறு பிரயாணம் போய் வந்தார்கள். மழையும் சேறுமாக மூன்று நான்கு நாள். அதே மாதம் எல்லோஸ்டோன் காட்டுக்குப் புறப்பட்டார்கள். போக வர எண்ணூறு மைல் சுமார். அங்கே வெந்நீர் ஊற்றுகளின் படிவால் உண்டான வெள்ளைப் படிக்கட்டுப் பாறை ஒன்று உண்டு. அதன் மேல் சைக்கிள்களோடு வரிசையாக நின்று அவர்கள் எடுத்துக்கொண்ட போட்டோ இன்றும் இருக்கிறது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. போட்டோவுக்குச் சிரிப்பது அந்த நாளில் வழக்கமில்லை என்பது ஒரு காரணம். வந்த வழி இன்னொரு காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் ஒத்திகை. பெரிய பிரயாணம் 1897-ல்தான்.

மிஸூலாவிலிருந்து மிசூரி மாகாணத்தில் உள்ள ஸெயிண்ட் லூயிஸ் நகரம், 1,900 மைல். மாஸ் அந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அழகல்ல. மலை, பாலை, மணல், சதுப்பு, குளிர், வெயில், ஈரப் புழுக்கம் எல்லாம் ஒரே வழியில் கிடைத்தன. வண்டியையும் மனிதனையும் ஒருசேரச் சோதிக்க அதைவிட நல்ல வழி இல்லை. கேட்டு முன்வந்தவர்களிலிருந்து இருபது பேரைப் பொறுக்கினான். ராணுவ டாக்டர் ஒருவர், ஜேம்ஸ் கென்னடி. பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப எட்வர்டு பூஸ் என்ற பத்தொன்பது வயது உள்ளூர்ப் பையன். ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று வண்டி. ஜூன் 14-ஆம் தேதி அதிகாலையில் கிளம்பினார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெறும் வண்டி 32 ராத்தல். மரவளையம் போட்ட சக்கரங்கள் பெருவழக்கமாயிருந்த காலத்தில் இவற்றுக்கு எஃகு வளையம். முன்கைப்பிடியில் கம்பளியும் பாதிக் கூடாரத் துணியும் சுருட்டிக் கட்டியிருக்கும். பாதி என்றா சொன்னேன்? ஆமாம். ஒவ்வொருவனிடமும் அரைக் கூடாரம்தான். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு கூடாரம். நடுச் சட்டத்துக்குள் தோல்பெட்டி, அதில் உணவு. இவ்வளவும் சேர்ந்து 59 ராத்தல். இதற்கு மேல் சிப்பாயின் முதுகில் பத்து ராத்தல் துப்பாக்கி, இடுப்பில் ஐம்பது தோட்டா. மேடேறப் பல் மாற்றும் வசதியெல்லாம் கிடையாது, ஒரே பல்சக்கரம். சரிவில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. அந்த நாள் வண்டிகளில் சக்கரம் சுழன்றால் மிதிகட்டையும் கூடவே சுழலும்.

நான் காலேஜில் படித்த நாளில் மூன்று நண்பர்களோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாடகைச் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனோம். எங்கள் முதுகில் துப்பாக்கி இல்லை. கையில் இருந்ததெல்லாம் ஒரு பொட்டலம் புளியோதரை. அப்படியும் எட்டாவது வளைவுக்குப் பிறகு நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே இந்த 1,900 மைலில் எனக்கு ஆச்சரியமாயிருப்பது மைல் கணக்கு அல்ல. இருபது பேர் எப்படிக் கடைசிவரை ஒன்றாகவே போனார்கள் என்பதுதான்.

சாப்பாட்டு ஏற்பாடு கண்டிப்பானது. ஆளுக்கு இரண்டு நாளைக்கு மட்டுமே கையில் ரேஷன். பன்றிக் கொழுப்பு, அவரை விதை, டப்பா இறைச்சி, மாவு, காபி, சர்க்கரை. ரயில் பாதையை ஒட்டியே போனதால் நூறு மைலுக்கு ஒருமுறை ஒரு ஸ்டேஷனில் அடுத்த மூட்டை காத்திருக்கும். கணக்கு எளிது. இரண்டு நாளில் நூறு மைல் போனால் சாப்பாடு, போகாவிட்டால் பட்டினி. இந்த நிலைமையில் ஒருவன் டயர் பஞ்சராகிறது என்று வையுங்கள். கோஷ்டியே நிற்கவேண்டும். நின்றார்கள். ஜான் பிண்ட்லி என்ற சிப்பாய் முன்பு சிக்காகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ரிப்பேர் அவன் பொறுப்பு. கூட்டத்தில் மிகவும் களைத்தவனும் அவனாகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரத்தில் அவன் குனிந்து வேலை செய்வான்.

கிளம்பிய சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஹெலினா ஊருக்கு மேற்கே முல்லன் கணவாய். ஏறத்தாழ 5,900 அடி உயரம். அதற்கு அந்தப் பக்கம் விழும் தண்ணீர் பசிபிக் கடலுக்கு, இந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கம் போகும். ஜூன் மாதத்தில் அங்கே பனி பெய்தது. நனைந்த கம்பளியோடு தள்ளிக்கொண்டு ஏறி, தள்ளிக்கொண்டே இறங்கினார்கள்.

மலையைவிட மோசம் அதற்கப்பால் வந்த மண். 'கம்போ' என்பார்கள் அதை. எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் ஐப்பசி மழையில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் அடியில் ஒட்டிக்கொண்டது பத்தாவது அடியில் பணியாரச் சட்டி அளவு ஆகிவிடும். சக்கரத்தில் அப்படி ஒட்டினால் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு வண்டி உருளவே மறுக்கும். குச்சியால் சுரண்டி, பத்து கஜம் தள்ளி, மறுபடி சுரண்டி... சலித்துப்போய் ரயில் தண்டவாளத்துக்கு ஏறிவிடுவார்கள். கட்டைக்குக் கட்டை எலும்பு குலுங்க மைல் கணக்கில் அதன் மேலேயே சவாரி. பாதை இருந்தது, ஆனால் பாதையைவிடச் சிலிப்பர் கட்டை மேல் என்று தோன்றியதென்றால் பாதையின் லட்சணத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

வழியில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தைக் கடந்தார்கள். 1876-ல் கஸ்டர் என்ற தளபதியும் அவனோடு நின்றவர்களும் செவ்விந்தியர் கையில் மாண்ட இடம். அங்கே நின்று பார்த்தபோது இந்த இருபது பேரும் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. ஆனால் இந்தப் பிரயாணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் மாஸ் எழுதிய அறிக்கையும் பூஸ் அனுப்பிய செய்திகளும்தான். இரண்டு பேரும் நன்றாகவே எழுதினார்கள். எத்தனை மைல், எத்தனை பஞ்சர், எத்தனை அங்குல மணல் எல்லாம் இருக்கிறது. மிதித்தவன் குரல் இல்லை.

வயோமிங்கைக் கடந்து, தெற்கு டகோட்டாவின் ஒரு மூலையைத் தொட்டு நெப்ராஸ்காவில் புகுந்தார்கள். அங்கே மணல் மேடுகள். திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காடு பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த மாதிரி 170 மைல். எட்டுப் பத்து அங்குல ஆழத்துக்குக் கால் புதையும். வெயில் நிழலிலேயே 110 டிகிரி. மலையில் பனி பொழிந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை! குடிக்கக் கிடைத்ததோ உவர்த் தண்ணீர். பலருக்கு வயிறு கெட்டது. மாஸும் படுத்துவிட்டான். அவனை டாக்டரோடு விட்டு மற்றவர்கள் மேலே நடக்கவேண்டியதாயிற்று. கொப்புளித்த காலோடு தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு அந்த 170 மைலைக் கடக்க நாலரை நாள் பிடித்தது.

அதிகாரி படுத்துவிட்ட இடத்தில் கோஷ்டி சிதறியிருக்கவேண்டும். சிதறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் மிங்கோ ஸாண்டர்ஸ்.

இந்த ஆளைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத விரும்பினேன். ஸாண்டர்ஸ் பிரயாணத்தின் ஸார்ஜெண்ட், சிப்பாய்களுக்குத் தலைவர். அடிமை முறை நடப்பிலிருந்த காலத்தில் தென் கரோலினாவில் பிறந்தவர். 1881-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். மிஸூலாவிலிருந்து புறப்பட்டபோது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது; கோஷ்டியில் மூத்தவர் அவர்தான். ஒரு சோடா பாட்டில் வெடித்ததில் ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது என்கிறார்கள். மங்கிய கண்ணும் நாற்பது வயசுமாக மலையையும் மணலையும் கடந்து, முன்னால் போகிறவனை நிறுத்தி, பின்னால் வருகிறவனை இழுத்து, பசியில் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளாமல் பார்த்து... எந்த வீட்டிலும் மூத்த மகன் செய்கிற காரியம்தான். அதற்குப் பதக்கம் கிடையாது.

நெப்ராஸ்காவைத் தாண்டிய பிறகு பாதை நன்றாயிற்று. மிசூரி மாகாணத்தில் மனிதர்கள் கொஞ்சம் கடினமானார்கள். 1865 வரை அடிமை முறை இருந்த மாகாணம் அது. துப்பாக்கி ஏந்திய கறுப்பர்கள் சைக்கிளில் வருவதைப் பார்த்து எல்லா ஊரும் மாவிலை கட்டி வரவேற்கவில்லை. ஆனால் ஸெயிண்ட் லூயிஸ் வரவேற்றது. ஜூலை 24-ஆம் தேதி மாலை உள்ளூர்ச் சைக்கிள் சங்கத்தார் எதிர்கொண்டு வந்து அழைத்துப் போனார்கள். பாரஸ்ட் பார்க்கில் கூடாரம் அடித்தார்கள். அவர்களையும் வண்டிகளையும் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. புறப்பட்ட நாளிலிருந்து 41 நாள். அதில் பிரயாணம் செய்தது 34 நாள். நாளொன்றுக்குச் சராசரி 56 மைல். காலாட்படை நடந்தால் ஆகும் காலத்தில் பாதி, செலவில் மூன்றில் ஒரு பங்கு என்று மாஸ் கணக்குக் காட்டினான்.

ராணுவத் தலைமை கணக்கை வாங்கிக்கொண்டது; பாராட்டிற்று; இருபது பேரையும் ரயிலேற்றி மிஸூலாவுக்குத் திருப்பி அனுப்பிற்று. அடுத்தபடி ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போகிறேன் என்று மாஸ் விண்ணப்பித்தான். வேண்டாம் என்று பதில் வந்தது. 1898-ல் ஸ்பெயினோடு யுத்தம் மூண்டது. 25-வது ரெஜிமெண்டு அந்த ஏப்ரலிலேயே மொன்டானாவை விட்டுப் புறப்பட்டு, பிறகு கியூபாவுக்குக் கப்பலேறிற்று. மலையேறிய சைக்கிள் பட்டாளத்தின் கதை அதோடு முடிந்தது. சில வருஷத்தில் மோட்டார் வந்துவிட்டது. குதிரைக்குப் பதில் சைக்கிள் என்ற வாதமே யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

மாஸ் நன்றாக முன்னுக்கு வந்தான். ராணுவப் பயிற்சிப் புத்தகங்கள் எழுதிப் பெயர் வாங்கினான். முதல் உலக யுத்தத்தில் மறுபடியும் கறுப்பர் ரெஜிமெண்டு ஒன்றுக்குத் தலைமை வகித்தான். கர்னலாக ஓய்வு பெற்று, 1941-ல் நியூயார்க்கில் மோட்டார் விபத்தில் இறந்தான்.

ஸாண்டர்ஸ் கதை வேறு. கியூபாவில் எல் கேனே சண்டையில் அவருடைய ரெஜிமெண்டு முன்னால் நின்றது. அங்கே தியோடர் ரூஸ்வெல்டின் வீரர்கள் பசியில் இருந்தபோது ரூஸ்வெல்டே வந்து கேட்க, ஸாண்டர்ஸின் ஆட்கள் தங்கள் ரொட்டியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. யுத்தம் முடிந்து ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். ஸாண்டர்ஸ் ஸார்ஜெண்டாகவே இருந்தார்.

1906 ஆகஸ்டில் அவருடைய படைப்பிரிவு டெக்ஸஸில் பிரவுன்ஸ்வில் என்ற ஊரில் இருந்தது. ஒரு நள்ளிரவில் அந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒருவன் செத்தான், ஒரு போலீஸ் அதிகாரிக்குக் காயம். கறுப்புச் சிப்பாய்கள்தான் சுட்டார்கள் என்று ஊரார் சொன்னார்கள். துப்பாக்கிகள் எல்லாம் கோட்டைக்குள் இருந்தன என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். யார் சுட்டது என்று கேட்டார்கள். தெரியாது என்று ஒவ்வொரு சிப்பாயும் சொன்னான். தெரியாது என்று சொன்னதே குற்றமாயிற்று. ஒற்றுமையாக மறைக்கிறார்கள் என்று தீர்மானித்து, கோர்ட்டு விசாரணை எதுவும் இல்லாமல், 167 பேரை மரியாதையின்றிப் பட்டாளத்திலிருந்து நீக்கி அந்த நவம்பரில் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். பென்ஷன் கிடையாது. வேறு அரசாங்க வேலையும் கிடையாது.

ஸாண்டர்ஸுக்கு அப்போது இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ். பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. மிஸூலா நாளில் ரெஜிமெண்டின் கர்னலாயிருந்த ஆண்ட்ரூ பர்ட், ஜெனரலாக ஓய்வு பெற்றிருந்தவர், செனட் விசாரணையில் வந்து ஸாண்டர்ஸின் சொல்லை எந்த விஷயத்திலும் நம்புவேன் என்று சாட்சி சொன்னார். ஒஹாயோ செனட்டர் போரேக்கர் இந்த மனிதர்களுக்காகத் தம் அரசியல் வாழ்வையே பணயம் வைத்து வாதாடினார். கடைசியில் பதினாலு பேரை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஸாண்டர்ஸ் அதில் இல்லை. ரூஸ்வெல்டுக்குப் பிறகு வந்த ஜனாதிபதி டாப்ட் காலத்தில் வாஷிங்டனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடிதக் கட்டு சுமக்கும் சேவகர் வேலை கிடைத்தது. 1929-ல் இறந்தார்.

1972-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்து, 1906-ல் செய்தது அநியாயம் என்று ஒப்புக்கொண்டது. 167 பேரும் மரியாதையோடு விடுவிக்கப்பட்டதாக உத்தரவைத் திருத்திற்று. டார்ஸி வில்லிஸ் என்ற கிழவர் ஒருவர் மின்னியாபொலிஸில் உயிரோடிருந்தார். ஒரு சவரக் கடையில் ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்ஸ் துடைத்துப் பிழைத்தவர். அவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். முதல் ஸார்ஜெண்ட் மிங்கோ ஸாண்டர்ஸின் பெயரும் அந்தத் திருத்தத்தில் அடங்கும். உத்தரவு வந்தபோது அவர் இறந்து நாற்பத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.